ஓராண்டு மேயர்: தீரர் சத்தியமூர்த்தியும் பூண்டி நீரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் ஒரு புலவரைப் பற்றியோ ஒரு காவியத்தைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, ஒரு நகரத்தின் மேயரைப் பற்றிப் பேசத் துணிந்துள்ளோம். “மேயரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தெருவிளக்கும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் தவிர அவருக்கு வேறு என்ன வேலை?” என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். அவர்கள் வினா நியாயமானதே. நாம் பேசப்போவதும் அக்குழாயைப் பற்றித்தான்.

இங்குக் கூடியிருப்போர் பலரும் நீரின் அருமையை நன்கு அறிந்தவர்கள். பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் வாழ்வோர், மலையின் மழை மறைவில் நின்று வானத்தைப் பார்த்தே வாழ்நாளைக் கழிப்பவர்கள். இடுக்கியின் மூணாற்றிலிருந்தும் தேவிகுளத்திலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் வந்திருப்போரோ, ஆண்டில் பாதி மழையில் நனைந்தும், கோடையில் லயங்களின் முன்னே குடத்துடன் வரிசையில் நிற்பவர்கள். ஆகவே, ஒரு நகரத்தின் தாகத்தைத் தன் தாகமாகக் கொண்ட ஒருவரின் வரலாறு நமக்கு அந்நியமானதாகாது. அவர் சென்னை மாநகரின் மேயராக 1939 முதல் 1940 வரை ஓராண்டுக் காலம் விளங்கிய தீரர் எஸ். சத்தியமூர்த்தி.

முதற்கண் ஒன்றை நினைவிற் கொள்வோம். சத்தியமூர்த்தி சென்னையிற் பிறந்தவர் அல்லர். 1887 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19 ஆம் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தவர். அந்நாளில் புதுக்கோட்டை பிரிட்டிஷாரின் நேர் ஆட்சிக்கு உட்பட்ட சென்னை மாகாணத்தில் அடங்கியதன்று. மன்னர் ஆண்ட தனிச் சமஸ்தானம். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பப் பொறுப்பு தோளில் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் படித்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். நம்மில் பலரைப் போலவே அவரும் எல்லை கடந்து வேற்றூர் புகுந்து வாழ்வு தேடியவர். அவ்வாறு புகுந்த ஊரே அவரைத் தன் முதற் குடிமகனாக ஏற்றது. இதனை இங்குள்ள இளைஞர்கள் சிறப்பாகக் கருதிப் பார்க்க வேண்டும்.

அவர் நாவன்மை நாடறிந்தது. 1919 இல் காங்கிரஸ் மகாசபையின் தூதுக் குழுவினருள் ஒருவராக இங்கிலாந்து சென்று, அரசியற் சீர்திருத்தம் குறித்துப் பார்லிமெண்டின் கூட்டுக் குழு முன்னிலையில் இந்தியாவின் கட்சியை எடுத்துரைக்கும் பணியில் பங்கு கொண்டார். 1923 முதற்கொண்டு சென்னைச் சட்டசபையில் சுயராஜ்யக் கட்சியின் குரலாக விளங்கினார். 1934 ஆம் ஆண்டின் தேர்தலில் ஏ. இராமசாமி முதலியாரைச் சென்னை நகரில் வென்று மத்திய சட்டசபை புகுந்தார். அங்கு அரசாங்கத்தை அவர் கேட்ட கேள்விகள் அதிகாரிகளை உறங்கவிடவில்லை. இடையிடையே சிறைவாசமும் அவருக்கு வாய்த்தது. சட்டசபைக்குள் நுழைந்து போராட வேண்டும் என்ற கொள்கையினர் அவர். ஆயினும் சிறைக் கதவு திறந்தபோதெல்லாம் பின்வாங்கினார் அல்லர்.

இத்துணைப் பெரிய மனிதருக்கு 1937 இல் அமைந்த முதல் காங்கிரஸ் மந்திரிசபையில் இடம் கிடைக்கவில்லை. சென்னைச் சட்டசபையின் பல்கலைக்கழகத் தொகுதியை அவர் இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். இராஜாஜி முதன்மை மந்திரியானார். சத்தியமூர்த்தியோ மந்திரியும் ஆகாமல், மத்திய சட்டசபையில் தம் பணியைத் தொடர்ந்தார். மனத்தில் வருத்தம் இருந்திருக்கும். மனிதருக்கு அது இயல்பே. அதன் பின் வந்ததுதான் மேயர் பதவி.

அப்பதவியின் அளவைச் சற்று ஆராய்வோம். சென்னை நகரசபை 1688 இல் தோன்றியது. இந்தியாவிலேயே மிகப் பழைமையானது. இடையில் வழக்கொழிந்திருந்த மேயர் என்னும் பெயர் 1933 இல் மீண்டும் உயிர் பெற்றது. அவ்வகையில் முதல் மேயராக வந்தவர் குமாரராஜா மு. அ. முத்தையா செட்டியார். மேயர் ஓராண்டுக்கு மட்டுமே பதவி வகிப்பார். அவரைத் தேர்ந்தெடுப்போர் நகரசபை அங்கத்தினர்கள். நிருவாக அதிகாரமோ சர்க்கார் நியமித்த கமிஷனரின் கையில். மேயருக்குரியவை அங்கியும் பொற்சங்கிலியும், கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் உரிமையும், வரும் விருந்தினரை வரவேற்கும் கடமையும். விரும்பினால் அவ்வோராண்டையும் மாலை சூட்டிக்கொண்டே கழித்துவிடலாம். அவ்வாறு கழித்தவரை எவரும் குறை கூறவும் மாட்டார்.

சத்தியமூர்த்தி மேயரானபோது காலமும் நல்ல காலமன்று. 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. இந்தியரைக் கலந்து கொள்ளாமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டமையைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தன. சென்னை மாகாணம் கவர்னரின் நேர் ஆட்சிக்குச் சென்றது. அந்நேரத்தில் நகரமோ நீரின்றித் தவித்தது.

சென்னைக்குப் பெருநதி கிடையாது. செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொணரும் திட்டம் 1872 இல் நிறைவேறியது. 1914 இல் கீழ்ப்பாக்கத்தில் நீரை வடிகட்டும் நிலையம் அமைந்தது. இவ்வேற்பாடுகளைச் செய்த காலத்தில் நகரம் சிறிது. 1941 ஆம் ஆண்டின் மக்கட் கணக்கில் சென்னையின் தொகை ஏழே முக்கால் லட்சமாக உயர்ந்துவிட்டது. நகருக்கு வடமேற்கே ஓடும் கொசத்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு இருந்தது. அது ஆற்று நீரைச் சோழவரத்திற்கும் செங்குன்றத்திற்கும் திருப்பியது. திருப்புவதற்கு உதவுமேயன்றி, தேக்கி வைக்க அது உதவாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் புரண்டு வந்து, அணைக்கட்டைத் தாண்டி, எண்ணூரில் கடலிற் கலந்தது. பங்குனியிலும் சித்திரையிலும் நகரத்துப் பெண்கள் குடத்துடன் நின்றார்கள். கார்த்திகையில் வீணாகும் நீரைச் சித்திரைக்குச் சேமித்து வைத்தல் வேண்டும்: தேவை இவ்வளவே. அதற்கு அணைக்கட்டுக்கு மேற்புறத்தில், திருவள்ளூரை அடுத்த பூண்டியில், ஒரு நீர்த்தேக்கம் கட்டவேண்டும்.

அன்பர்களே! இங்கேதான் சத்தியமூர்த்தியின் முன் ஒரு கடினமான கேள்வி எழுந்தது. எந்த ஆட்சியை எதிர்த்து அவர் சிறை சென்றாரோ, எந்த ஆட்சியை விட்டு அவர்தம் கட்சியினர் அப்போதுதான் வெளியேறியிருந்தனரோ, அதே ஆட்சியின் வாயிலிற் சென்று நீருக்காக வாதாட வேண்டியிருந்தது. போர்க்காலம், இரும்பும் சிமெண்டும் பணமும் போருக்கே என்ற நிலை. “சுயராஜ்யம் வரட்டும், அதன்பின் அணை கட்டிக்கொள்வோம்” என்று அவர் ஒதுங்கியிருந்தால், வீரர் என்றே உலகம் புகழ்ந்திருக்கும். மேயருக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்திருந்தால், உண்மையைச் சொன்னார் என்றே ஏற்றிருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. சட்டசபைகளில் அரசாங்கத்தைத் தாக்கிய அதே நாவினால், நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று அதே அரசாங்கத்தை இணங்க வைத்தார்.

1940 ஆகஸ்டில், அவர் பதவிக் காலம் முடியச் சில மாதங்களே இருந்தபோது, கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷ் கவர்னர் கல் நாட்டும் விழாவில் காங்கிரஸ் மேயர்! கொள்கையில் தளர்ந்தாரோ என்று ஐயுறுவோர் அடுத்து நிகழ்ந்ததை நோக்குக. இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1942 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் கமிட்டி ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தை நிறைவேற்றியது. அங்கிருந்து திரும்பும் வழியில் சத்தியமூர்த்தி கைதானார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அவரைக் கொண்டு சென்றனர். முன்னரே நலிந்திருந்த உடல் அப்பயணத்திலும் சிறையிலும் மேலும் நொந்தது. 1943 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28 ஆம் தேதி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். அப்போது வயது ஐம்பத்தைந்து. குடிகளின் தாகத்திற்காக அரசாங்கத்தை நாடியதும், நாட்டின் விடுதலைக்காக அதே அரசாங்கத்தின் சிறையில் நலிந்ததும் ஒரே மனிதரின் செயல்கள். அவற்றிடையே அவர் முரண்பாடு கண்டாரில்லை. நாமும் காணவேண்டுவதில்லை.

பூண்டி நீர்த்தேக்கம் 1944 ஜூனில் நிறைவுற்றுத் திறக்கப்பெற்றது. அதற்கு ஆன செலவு 65 லட்சம் ரூபாய். அன்று அதன் கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடி. கல் நாட்டக் காரணமாயிருந்தவர் கரைமீது நின்று நீரைக் காணவில்லை. அதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். இன்று அந்நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி சாகர் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடியாகப் பெருகியது.

பெருமையை மட்டும் பேசி அமர்வது சொற்பொழிவாளர்க்கு எளிது. வரலாற்றுக்கு அது நேர்மையாகாது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையிற் போராடியபோது, அதனை எதிர்த்துப் பேசியவர் சத்தியமூர்த்தி. இசையிலும் நாடகத்திலும் அவருக்கிருந்த ஆழ்ந்த பற்று நாம் போற்றத்தக்கது. ஆனால் இவ்விஷயத்தில் அவர் நின்ற இடம் தவறு என்று காலம் தீர்ப்பளித்துவிட்டது. 1947 இல் அம்முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. பெரியோர் எல்லாவற்றிலும் பெரியோராக இருப்பதில்லை. அவர் செய்த நன்மையை அளக்கும் கோல் இத்தவற்றை மறைத்தல் கூடாது. இத்தவறும் அந்நன்மையை அழித்தல் கூடாது.

பூண்டியோடு சென்னையின் தாகம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றே கூறவேண்டும். 1983 இல் ஆந்திரத்துடன் உடன்பாடு செய்து கொண்டு கிருஷ்ணா நதி நீரைக் கொணரத் திட்டமிட்டனர். 1996 இல் அந்நீர் தமிழ்நாட்டு எல்லையை அடைந்தது. அது வந்து சேருமிடமும் அதே பூண்டியே. அதற்குப் பின்னும் 2019 ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, நகரம் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை உலகமே கண்டது. ஒரு தலைமுறை தன் கடனை முடித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கடனில்லை என்பது பொருளன்று. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கல்லேனும் நாட்ட வேண்டும்.

சென்னையைப் பற்றிய கதை நமக்கெதற்கு என்று நினைப்போர் உளராயின், அவர்கட்கு ஒன்று கூறுவோம். பூண்டியில் கல் நாட்டிய 1940 இல் பாலக்காடும் அதே சென்னை மாகாணத்தில், மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. சத்தியமூர்த்தியைத் தம் அரசியல் குருவாகக் கொண்டவர் காமராசர். சுதந்திரம் வந்தபோது அவர் முதலில் சத்தியமூர்த்தியின் இல்லத்திற்குச் சென்று கொடியேற்றினார் என்பர். முதன்மந்திரியானபோதும் அவ்வில்லம் சென்று குருவின் படத்திற்கு மாலை சூட்டினார் என்பர். அக்காமராசரே 1955 அக்டோபரில் நம் மலம்புழை அணையைத் திறந்துவைத்தார். மறு ஆண்டு நவம்பரில் மொழிவழி மாநிலம் பிறந்து, பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. அவருடைய ஆட்சிக் காலத்திலேதான் பரம்பிக்குளம், ஆளியாறு திட்டத்தின் வேலைகளும் தொடங்கின. மலையின் மேற்கே பாயும் நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பும் அத்திட்டத்தில், சித்தூர்ப் பாசனத்திற்கென ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் மணக்கடவு வழியே தரப்படவேண்டும் என்பது இரு மாநிலங்களின் ஒப்பந்தம். குருவின் பூண்டியும் சீடரின் மலம்புழையும் ஒரே எண்ணத்தின் இரு கரைகள்.

இடுக்கித் தோழர்களுக்கு இது இன்னும் தெளிவாக விளங்கும். அவர்கள் மலையில் பெய்யும் மழை, 1895 முதல் முல்லைப் பெரியாற்றின் சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாக விளைகிறது. அந்நெல்லே மலையேறி மீண்டும் அவர்கள் உலைக்கு வருகிறது. நீரைப் பற்றி அரசுகளுக்கிடையே வழக்கு இருக்கலாம். இரு புறமும் உறவுடைய நாம், அடுத்தவர் தாகத்தையும் நம் தாகமென உணரக் கடமைப்பட்டவர்கள்.

இனி, இவ்வுரையை நாம் எடுத்துக்கொண்டதன் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நம்மவர் மிகுதியாக வாழும் ஓர் ஊரில் குடிநீர்க் குழாய் பல நாள் வறண்டு கிடந்தது. வீட்டுக்கு வீடு முறையீடு, டீக்கடைதோறும் கண்டனம். கிராம சபை கூடும் நாள் வந்தது. நம்மவரில் அங்குச் சென்றோரை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒரு முதியவரை, “ஐயா, தாங்கள் ஏன் வரவில்லை?” என்று கேட்டோம். அவர் சொன்ன விடை இன்றளவும் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது: “நாம பொழைக்க வந்தவங்க தம்பி. இதெல்லாம் அவங்க பஞ்சாயத்து. நமக்கெதுக்கு?”

அவர் நாற்பது ஆண்டுகளாக அவ்வூரில் வாழ்பவர். அவர் மக்கள் அங்கே பிறந்தனர். பேரப்பிள்ளைகள் அங்கேயே பள்ளி செல்கின்றனர். அவர் வரி கட்டுகிறார்; வாக்கும் அளிக்கிறார். ஆயினும் அவ்வூரின் குழாய் தம்முடையதன்று என்று எண்ணுகிறார். அம்முதியவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அவ்வெண்ணத்தை அவர் மனத்தில் விதைத்த காலமும் சூழலும் கடுமையானவை. ஆனால் அதனை அடுத்த தலைமுறைக்கும் விட்டுச் செல்வோமாயின் குற்றம் நம்முடையது.

கேரளத்தில் உள்ளாட்சி வலியற்றதன்று. 1996 இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முடிவாயிற்று. எந்தத் தெருவுக்குக் குழாய், எந்த வார்டுக்குக் கிணறு என்னும் பேச்சு கிராம சபையில்தான் தொடங்குகிறது. மொழியும் தடையாகாது. 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இம்மாநிலத்தில் சிறுபான்மையராக வாழும் தமிழர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், விடையைத் தம் மொழியிலேயே பெறவும் வழி செய்துள்ளது. சட்டம் ஏட்டில் உறங்குவதும் எழுந்து நடப்பதும் எழுதுவோரைப் பொறுத்தது. நாம் எழுதாத மனுவுக்கு எந்த அதிகாரியும் விடை எழுதுவதில்லை.

சத்தியமூர்த்தியிடம் நாம் கற்க வேண்டியது இதுவே. வேற்றுச் சமஸ்தானத்திலிருந்து வந்தவர். ஆயினும் ‘இது என் ஊரன்று’ என்று சொன்னாரில்லை. கிடைத்த பதவி சிறிது. ஆயினும் ‘எனக்கு அதிகாரமில்லை’ என்று கைவிரித்தாரில்லை. ஆட்சி பகைவருடையது, ஆயினும் குடிநீர் கேட்பதில் மானக்குறைவு கண்டாரில்லை. காலம் ஓராண்டு, ஆயினும் முடிப்பதற்கில்லையே என்று தொடங்காமல் விட்டாரில்லை. நம்மில் எவரும் மேயராக வேண்டுவதில்லை. வார்டு அங்கத்தினராகலாம், அதுவும் வேண்டாமெனின், கிராம சபையில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கும் குடிமகனாகலாம்.

ஆதலின் இச்சங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். தமிழ் வகுப்பு நடத்துகிறீர்கள், பொங்கல் விழா எடுக்கிறீர்கள், நன்று. அவற்றோடு, ஆண்டில் எத்தனை முறை கிராம சபை கூடுகிறதோ அத்தனை முறையும் ஊருக்கு ஐவரேனும் செல்வது என்ற ஒரு நியமத்தையும் மேற்கொள்ளுங்கள். முதியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். முன்னர் நாம் கூறிய பெரியவர், அடுத்து ஒரு சபைக்கு நம்முடன் வந்தார். ஒன்றும் பேசவில்லை, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். திரும்பி வரும் வழியில் மட்டும், “நம்ம தெருப் பேரையும் எழுதிக்கிட்டாங்களே!” என்றார். அவர் வாயில் ‘நம்ம தெரு’ என்னும் சொல்லை நாம் கேட்டது அன்றுதான் முதன்முறை.

பூண்டியின் கரையில் அலை மோதும் ஓசையைச் சத்தியமூர்த்தி கேட்கவில்லை. அவர் வாதாடிப் பெற்ற நீரை அருந்திய பல லட்சம் பேரில் பலர் அவர் பெயரையும் அறியார். நீருக்கு அதனால் குறைவில்லை. நாமும் அத்தகைய கல் ஒன்றை நம் ஊரில் நாட்டிச் செல்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நாம் வாழும் ஊர்!